நரம்பைக் கெடுப்பது மாத்திரை அல்ல

தொழுநோய்க்குத் தரும் கூட்டு மருந்து நரம்பைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் பரவலாக உண்டு. அதற்கு மூன்று சான்றுகள் காட்டுவார்கள். மாத்திரை போட்டதும் எச்சில் சிவக்கிறது. காதடியில் நரம்பு புடைக்கிறது. சில மாதங்களில் விரல் மடங்குகிறது அல்லது கண் மூடாமல் போகிறது. மூன்றும் நடப்பவைதான். அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

இந்த நம்பிக்கைக்கு முதல் மறுப்பு செங்கல்பட்டில் இருக்கிறது. திருமணியில் 1924இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955இல் மத்திய ஆய்வு நிறுவனமாயிற்று. தொடக்க காலத்தில் அங்கே கைகண்ட மருந்து எதுவும் இல்லை. நீரடிமுத்து எண்ணெயைத்தான் ஊசியாகப் போட்டார்கள். 1940களில்தான் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் குழுவினர், இன்றைய கூட்டு மருந்தில் உள்ள டாப்சோனைக் கடலை எண்ணெயில் கலந்து அங்கே ஊசியாகப் போட்டுப் பார்த்தனர். அதற்கு முன்பும் விரல்கள் மடங்கின, பாதங்கள் புண்ணாயின. மாத்திரை வராத காலத்து ஊனத்துக்கு மாத்திரை எப்படிக் காரணமாகும்?

எச்சில் சிவப்பதற்குக் காரணம் கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினின் நிறம். மாதம் ஒருமுறை 600 மில்லிகிராம் விழுங்கியதும் அந்தச் சாயம் எச்சில், கண்ணீர், சிறுநீர் எல்லாவற்றிலும் இறங்கி, ஓரிரு நாளில் போய்விடும். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அதனால் கேடில்லை.

காதடியில் கயிறுபோல் புடைப்பது கழுத்தோரம் செல்லும் உணர்ச்சி நரம்பு. தொழுநோய்க் கிருமி நரம்பின் உறைச் செல்களுக்குள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருகுகிறது. அதனால் நரம்பு தடிக்கிறது. கண் மூடாமல் போவது முகநரம்பால். அது காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடாகக் கிளைவிட்டுச் செல்கிறது. அதன் மேல்கிளை பழுதானால் இமை மூடாது. பழுது நரம்பில்தான், சுரப்பியில் அல்ல.

சிகிச்சையின் நடுவே நரம்பு திடீரென வீங்கி வலிப்பதைத் தொழுநோய் எதிர்வினை என்பார்கள். கிருமியையும் அதன் எச்சங்களையும் உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குவதால் வருவது அது. மருந்து தொடங்குமுன்பும் வரலாம், முடிந்தபின்பும் வரலாம். அப்போது கூட்டு மருந்தை நிறுத்தாமல், வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசோலோனும் சேர்த்துத் தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் கவனித்தால் இழந்த உணர்ச்சி பெரும்பாலும் மீளும்.

மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்பதல்ல வாதம். குளோஃபாசிமின் தோலைக் கருக்கும். டாப்சோன் இரத்தச்சோகை உண்டாக்கலாம். அரிதாக, அதிக அளவில் உட்கொண்டால், தசை நரம்பைத் தளர்த்தலாம். காய்ச்சலோடு தடிப்பு எழுந்தாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்சில் சிவப்பது அத்தகைய அறிகுறி அல்ல.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் உளி பிடிக்கும் கையை எண்ணிப் பார்க்கலாம். சுண்டுவிரல் மரத்தால் உளி நழுவிக் கிழித்ததும் தெரியாது. சீழ் வைத்த பிறகே புண் கண்ணில் படும். கோவளத்தில் வலைக்கயிறு இழுக்கும் கைக்கும் இதே கதிதான். அட்டையில் பாதி மாத்திரையை மிச்சம் வைப்பவர், அந்தக் கையைக் கிருமிக்கே விட்டுக்கொடுக்கிறார்.

நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோதான் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. எச்சில் சிவந்தால் அஞ்ச வேண்டாம். கை மரத்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.