காவற்காரனை மாற்றிய கதை

இல்லமும் இயந்திரமும்

வீட்டு வாயிலில் நிற்கும் காவற்காரனை மாற்றுவது எளிய காரியம். பழையவனுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டுப் புதியவனை நிறுத்தினால் முடிந்தது. கம்ப்யூட்டருக்குள் காவல் நிற்கும் ஆன்டிவைரஸை மாற்றுவதும் அவ்வளவே என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று என்பதை அல்லற்பட்டு அறிந்துகொண்டோம். நாம் பட்டதை நேயர்கள் படாதிருக்கும்பொருட்டு இம்மாதம் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

சென்ற ஆண்டு நம் தந்தையார் ஊரைவிட்டு நம்மோடு வந்து தங்கினார்கள். முப்பது ஆண்டுகள் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் அவர்களுடையவை. இங்கோ அக்கம்பக்கத்து மொழி தெரியாது; பகலில் பேச்சுத் துணைக்கு ஆளும் இல்லை. ஆகவே, பழைய தட்டச்சு முறையிலேயே தமிழ் எழுத உதவும் சிறிய மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் இட்டுக் கொடுத்தோம். அன்று முதல் நம் கிராமத்து ஏரியின் கதையையும், அங்கு வாழ்ந்து பெயர்ந்த குடும்பங்களின் கதையையும் நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதிவந்தார்கள். பேரன் பேத்தியர் பார்த்திராத ஊர், எழுத்திலாவது அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்பது அவர்களது விருப்பம்.

இவ்வாறிருக்க, ஒரு மாத இறுதியில் நமது ஆன்டிவைரஸின் ஓராண்டுத் தவணை முடிந்தது. முடிந்தது முதல் மணிக்கொரு முறை சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. புதுப்பிக்கப் போனால், முதலாண்டு கொடுத்த விலை ஒன்று. இப்போது கேட்கும் விலை வேறொன்று. கடைத்தெருவில் விசாரித்ததில் மற்றொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் குறைந்த விலைக்குக் கிடைத்தது. வாங்கி வந்தோம். பழையது இருக்கும்போதே, அதன் தலைமேல் புதியதையும் ஏற்றினோம். இரண்டு காவல் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது நமது கணக்கு.

கணக்குப் பிழைத்தது. காலையில் கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டுக் குளித்து, காபி அருந்தி வந்தாலும் பெட்டி விழித்திராது. கோப்பு ஒன்றைத் திறந்தால் சக்கரம் சுழலுமேயன்றித் திறவாது. மகளின் தேர்வு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நிலையில் ஒரு நாள் திரை உறைந்தே போயிற்று.

இதன் காரணத்தை அறிய ஆன்டிவைரஸ் செய்யும் வேலையை அறிதல் வேண்டும். நாம் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கே நின்று, கோப்பைச் சோதித்து, ஐயமில்லை என்று கண்ட பிறகே வழிவிடுகிறது. தன்னிடமுள்ள அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டும், நடத்தையில் ஐயத்துக்கிடமான செயல் உண்டா என்று கவனித்தும் அது தீர்ப்புச் சொல்கிறது. இவ்வேலையை இருவர் ஒரே கணத்தில் செய்யப் புகுந்தால், ஒருவர் பிடித்த கோப்பை மற்றவர் விடாமல் இழுப்பர். அதுவுமன்றி, ஒன்றன் பெட்டகத்திலுள்ள வைரஸ் அடையாளங்களைக் கண்டு மற்றொன்று 'வைரஸ்' என்று கூவுவதும் உண்டு. ரயில் பாதையில் ஒரு பிளாக் பகுதிக்குள் ஒரு வண்டிக்கு மேல் நுழையலாகாது என்பது அடிப்படை விதி. நாள்தோறும் ரயில்வே அலுவலகத்தில் அமரும் நாமே அதை வீட்டில் மறந்தோம். ஓர் உறையில் இரண்டு வாள் தங்குமோ?

நிற்க. இக்காவற்காரர்களின் வரலாற்றையும் ஒரு சிறிது பார்ப்போம். ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெயின்' 1986ஆம் ஆண்டில் லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. அது பிளாப்பி தட்டுகளின் வழியே உலகைச் சுற்றியது. நோய் வந்தால் மருந்தும் வரவேண்டுமன்றோ? நம் சென்னையில் 1991ஆம் ஆண்டிலேயே கே7 நிறுவனம் தோன்றிற்று. பூனாவில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்திய கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் குயிக் ஹீலைக் கொண்டுவந்தார்கள். இக்கலையில் நம் நாட்டவர் எவர்க்கும் இளைத்தவரல்லர்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் மறவாமல் அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், டிபெண்டர் என்னும் ஆன்டிவைரஸ் உடன்பிறந்ததாகவே வருகிறது. தனி விலை இல்லை. வேறொரு ஆன்டிவைரஸை ஏற்றினால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் தானே மீண்டும் காவலுக்கு வரும். ஆதலின் பழையதை நீக்கிப் புதியதை ஏற்றும் இடைவேளையில் வீடு திறந்து கிடக்குமோ என்று அஞ்சவேண்டியதில்லை. இந்த அச்சமே நம்மை இரண்டையும் ஒருங்கே வைக்கத் தூண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் முறைப்படி செய்ய அமர்ந்தோம். அம்முறை வருமாறு:

முதலாவது, விலைமதிப்பற்ற கோப்புகளைத் தனி வட்டு ஒன்றில் படியெடுத்து, வட்டைக் கழற்றி அலமாரியில் வைக்கவேண்டும். பொருத்தியபடியே விட்ட வட்டு, பெட்டிக்கு வந்த நோயைத் தானும் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பழைய நிறுவனத்தின் கணக்கினுள் சென்று தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்தவேண்டும். மென்பொருளை நீக்கினால் பிடித்தம் நின்றுவிடும் என்று எண்ணுவது பிழை. கார்டிலிருந்து பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அவ்வறிவிப்பைப் படியாமல் தள்ளுவோரே நம்மில் மிகுதி.

மூன்றாவது, பழைய ஆன்டிவைரஸின் உள்ளே கடவுச்சொற்களைச் சேமித்திருந்தாலும், பூட்டிய பெட்டகத்தில் கோப்புகளை வைத்திருந்தாலும், அவற்றை முன்னரே வெளியே எடுத்துவிடவேண்டும். பூட்டுக்காரனை அனுப்பிய பின் சாவியைத் தேடிப் பயனில்லை.

நான்காவது, குவாரண்டைன் எனப்படும் தனியறையைத் திறந்து பார்க்கவேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரை ஒரு காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்தி நோய்ச் சோதனை செய்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். அதுபோல, ஐயத்துக்குரிய கோப்புகளை ஆன்டிவைரஸ் இவ்வறையில் அடைத்து வைக்கிறது. அங்கே நோயாளியும் இருப்பான், நோயற்றவனும் இருப்பான். பழையதை நீக்கும்போது இவ்வறையும் துடைக்கப்பட்டுவிடக் கூடும்.

நாம் அவ்வறையைத் திறந்தோம். ஒரே ஒரு பெயர் இருந்தது. நம் தந்தையாரின் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்! அடைக்கப்பட்ட தேதி, தவணை முடிவதற்கு மூன்று நாள் முன்பு. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் பிடித்து, அதற்கீடான தமிழெழுத்தை இடுவது அதன் தொழில். கடவுச்சொல்லைத் திருடும் கள்ள நிரல்களும் விசைகளைத்தான் பிடிக்கின்றன. ஆதலின் காவற்காரன் இவனையும் கள்வன் என்று கருதிச் சிறையிட்டுவிட்டான்.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. ஏறத்தாழ மூன்று வாரமாக நம் தந்தையார் கம்ப்யூட்டர் முன் அமரவில்லை. கேட்டபோது, "கண் சற்று மங்கலாக இருக்கிறது" என்றார்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். புதிய மூக்குக்கண்ணாடியும் வாங்கினோம். அப்பொழுதும் எழுதவில்லை. முதுமை என்று நாமே ஒரு முடிவு கட்டிக்கொண்டு வாளாவிருந்தோம்.

திரையைக் காட்டி விவரத்தைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒரு நாள் காலையில் எதை அடித்தாலும் இங்கிலீஷாகவே விழுந்தது, தம்பி. என் கை பட்டுத்தான் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருள். பேத்தி படிப்புக்கு வேண்டியது. அதன்பின் பெட்டி திணறுவதையும் பார்த்தேன். எல்லாம் என்னால் வந்ததென்று உன்னிடம் எப்படிச் சொல்வது?" என்றார்கள்.

பெட்டியைத் திணறவைத்தவர் நாம். பழியைச் சுமந்தவர் அவர்கள். மகனுடைய வீட்டில், ஒரு பொருளைத் தொட்டுக் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு தகப்பனார் மூன்று வாரம் அஞ்சியிருந்தார் என்பதை எண்ணும்போது இன்றும் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

மேற்கொண்டு செய்ததையும் சொல்லி முடிப்போம். சிறையிலிருந்ததை அப்படியே விடுவிக்கவில்லை, அது தவறு. அதைப் படைத்தோரின் தளத்திலிருந்தே புதுப் படி ஒன்றை எடுத்து வைத்தோம். புதிய ஆன்டிவைரஸின் நிறுவு கோப்பையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்தோம். பின்னர் இணையத் தொடர்பைத் துண்டித்து, முன்பு அவசரத்தில் ஏற்றியதையும் பழையதையும் ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினோம். பழையதன் எச்சங்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. இதற்கெனவே பெரும்பாலான நிறுவனங்கள் துடைக்கும் கருவி ஒன்றை இலவசமாகத் தருகின்றன. அது வேலையை முடித்தது. டிபெண்டர் காவலுக்கு வந்துவிட்டதைக் கண்டபின் புதியதை ஏற்றி, இணையத்தை இணைத்து, அடையாளப் பட்டியலைப் புதுப்பித்து, முழுச் சோதனைக்கு விட்டோம். அது முடிய மாலையாயிற்று. தட்டச்சு மென்பொருளின் புதுப் படியையும் சோதித்து, குறை இல்லையென்று கண்டே நிறுவினோம்.

புதிய காவற்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்கவும் வழி உண்டு. ஐகார் சோதனைக் கோப்பு என்பது 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற ஒரு கோப்பு. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகப் பாவித்துப் பிடிக்கவேண்டும் என்பது உடன்பாடு. நம்முடையது கணத்தில் பிடித்தது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று சிலர் வினவலாம். காவற்காரனுக்கு வீட்டின் எல்லா அறைச் சாவியையும் கொடுக்கிறோம். அவன் தடுமாறினால் வீடே தடுமாறும். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், தடைவிதிக்கப்பட்ட காஸ்பர்ஸ்கையை வைத்திருந்த அமெரிக்கர் பலர், அது நீங்கி அல்ட்ரா ஏவி என்ற வேறொன்று தம் கம்ப்யூட்டரில் அமர்ந்திருப்பதைக் கண்டு திகைத்தார்கள். நிறுவனம் மின்னஞ்சலில் தெரிவித்ததாகச் சொல்லிற்று. பார்த்தவர் பலரல்லர் போலும். வந்த கடிதத்தைப் படித்தல் நலம்.

ஆயினும் வந்த கடிதத்தையெல்லாம் நம்பவும் கூடாது. 'உங்கள் ஆன்டிவைரஸ் பல ஆயிரம் ரூபாய்க்குப் புதுப்பிக்கப்பட்டது. வேண்டாமெனில் இந்த எண்ணை அழைக்க' என்று வரும் கடிதங்கள் மோசடியே. அழைத்தவரிடம் இனிமையாகப் பேசி, 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லி, கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி கேட்டு, வங்கிக் கணக்கைத் துடைப்பது அவர்கள் தொழில். பிள்ளைகள் தொலைவில் இருக்க, முதியோர் தனித்து வாழும் நம்மவர் வீடுகள் இவர்களுக்கு எளிய இரை. கடிதத்திலுள்ள எண்ணை ஒருபோதும் அழையாதீர். பணம் போய்விட்டதாயின் தாமதியாமல் 1930 என்ற அரசாங்க எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

விலை கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் அன்பர்களுக்கு நமது விடை இது: விண்டோஸை உடனுக்குடன் புதுப்பித்து, அறியாத இணைப்பைத் தொடாமல், படிகளைத் தனியே சேமித்து வைப்போருக்கு டிபெண்டரே பெரும்பாலும் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. சுவரே இடிந்த வீட்டுக்கு எத்தனை விலையுயர்ந்த காவற்காரனை வைத்து என்ன பயன்?

காவற்காரனை மாற்றும் முறையில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். எந்தப் பட்டியலிலும் அது இராது. கம்ப்யூட்டரைத் தொடும் எதையும் மாற்றுமுன், அதைப் பயன்படுத்தும் வீட்டார் அனைவரையும், முதியோரை முதலாகக் கொண்டு, "ஏதேனும் இடையூறு கண்டீர்களா?" என்று கேளுங்கள். "உங்கள் கை பட்டு எதுவும் கெட்டுவிடாது" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஞாயிறு இரவு உணவுக்குப் பின் விசைகளின் ஒலி கேட்டது. ஏரி உடைந்த ஆண்டின் கதையை விட்ட இடத்திலிருந்து தந்தையார் தொடர்ந்திருந்தார்கள். பேத்தி அருகில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். புதிய மூக்குக்கண்ணாடி மேசைமேல் கிடந்தது. பழையதே நன்றாகத் தெரிகிறதாம்.