கர்னலுக்குக் கிடைப்பது நேர்கூற்றா, அயற்கூற்றா?

வன்பொருள் குறுக்கீடு, அதாவது இன்டரப்ட், இயங்குதள வகுப்புகளில் இன்றும் பெரும்பாலும் ஒரே விதமாகவே விளக்கப்படுகிறது: சாதனம் அழைக்கும், நுண்செயலி கைவேலையை நிறுத்தும், கர்னல் கவனிக்கும். தனிக் கணினிக்கு இது பொருந்தும். மெய்நிகர் இயந்திரத்துக்கு இது போதாது. இக்குறையோடு பாடம் கற்றவர்களே பின்னர் மேகக் கணினிகளில் அளவீடு செய்து ஆய்வேடு எழுதுகிறார்கள்.

இன்டெல் நுண்செயலியில் லினக்ஸின் கேவிஎம் மூலம் ஒரு மெய்நிகர் இயந்திரம் ஓடுவதாகக் கொள்வோம். பிணைய அட்டையிலிருந்து குறுக்கீடு வந்ததும், வழக்கமான முறையில், உள்ளே ஓடும் விருந்தினர் கர்னல் நிறுத்தப்படுகிறது. கட்டுப்பாடு உண்மை வன்பொருளை ஆளும் புரவலர் கர்னலிடம் செல்கிறது. புரவலர் அக்குறுக்கீட்டை ஏற்று, அது யாருக்குரியது எனத் தேர்ந்து, விருந்தினரின் மெய்நிகர்க் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில் ஒரு பிட்டைக் குறித்துவைக்கிறது. விருந்தினர் மீண்டும் ஓடத் தொடங்கும்போதுதான் செய்தி அதனுள் செலுத்தப்படுகிறது. அதன் முறை வரத் தாமதமானால் செய்தியும் காத்துக்கிடக்கும்.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்கு இது புதிதன்று. நேர்கூற்று அயற்கூற்றாகும்போது 'நான்' 'தான்' ஆகிறது; 'இன்று' 'அன்று' ஆகிறது. இங்கும் புரவலர் பெற்ற குறுக்கீட்டு எண் வேறாகவும் விருந்தினர் பெறும் எண் வேறாகவும் இருக்கலாம். நிகழ்ந்த நேரமும் அறிந்த நேரமும் வேறு. ஆனால் 'வருவதாகக் கூறினான்' என்னும்போது 'ஆக' என்பதே கேட்பவரை எச்சரித்துவிடுகிறது. விருந்தினருக்கு வந்துசேரும் குறுக்கீட்டில் அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. பறிபோன நேரத்தை லினக்ஸ் 'ஸ்டீல் டைம்' என்று கணக்கிடுவதும் புரவலர் தெரிவித்தால்தான்.

இவ்விடைவெளி அநேகமாக மறைந்துவிட்டது என்பது எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு. குறுக்கீட்டை இடையீடின்றி விருந்தினரிடமே சேர்க்கும் இஎல்ஐ என்னும் முறை, வெற்று வன்பொருளின் திறனில் 97 முதல் 100 விழுக்காட்டை எட்டியதாக 2012இல் ஓர் ஆய்வுக்கட்டுரை காட்டியது. பின்னர் நுண்செயலிகளே அதற்கான வசதியோடு வந்தன. ஆயினும் அவ்வசதி முழுப்பயன் தருவது விருந்தினர் அக்கணம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே. உறங்கும் விருந்தினருக்கு விரைவுத் தபாலும் வாசலில்தான் கிடக்கும்.

எனவே இரண்டு மாற்றங்கள் தேவை. எம்ஐடி 2006இல் உருவாக்கிய எக்ஸ்வி6 பாட இயங்குதளத்தை மாணவர்கள் பெரும்பாலும் கியூஇமுவில் ஓட்டுகிறார்கள். அங்கே அவர்கள் காணும் கடிகாரக் குறுக்கீடே ஒரு மென்பொருளின் ஆக்கம். அதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். அடுத்து, குறுக்கீட்டுத் தாமதத்தை அளக்கும் ஒவ்வோர் ஆய்வேடும் அளந்த இடம் வெற்று வன்பொருளா, மெய்நிகர் இயந்திரமா, அதற்குத் தனி நுண்செயலி ஒதுக்கப்பட்டதா என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். சொன்னவர் யார் என்று தெரியாத சான்றை மொழியாய்வு ஏற்பதில்லை. கணினி ஆய்வும் ஏற்கலாகாது.