தெளிவே துணை

மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும், பழகிய எருதுகள் வழியறிந்து அவனை வீடு சேர்ப்பதுண்டு. மோட்டார் வண்டிக்கு அத்தகைய அறிவு இல்லை. ஓட்டுவோன் கண்ணே அதன் கண். அவன் அறிவே அதன் அறிவு. ஆதலின், மயக்கம் தரும் பொருளை உட்கொண்டு வண்டி ஓட்டுதல், கண்ணிழந்த வண்டியைத் தெருவில் விடுவதற்கு ஒப்பாகும்.

“சிறிதே குடித்தேன், நிலை தவறவில்லை” என்பார் பலர். அவர்கள் பொய் கூறுவதில்லை. மெய்யாகவே அவ்வாறு நம்புகின்றனர். கேடு அங்கேதான் உள்ளது. தன் நிலையைத் தானே எடைபோடும் அறிவையன்றோ மது முற்பட மழுங்கச் செய்கின்றது? நடுவரே மயங்கிக் கிடக்கும்பொழுது, அவர் தீர்ப்பை எங்ஙனம் ஏற்பது?

இதனாலேயே சட்டம் குடித்தவன் சொல்லை நம்பாது, அவன் குருதியில் கலந்த மதுவை அளக்கின்றது. குருதியில் உள்ள மது நுரையீரல் வழியே மூச்சிலும் கலக்கும். அம்மூச்சைக்கொண்டே மதுவை அளக்கும் கருவி ஒன்றை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் போர்க்கென்ஸ்டைன் என்பார் அமைத்தார். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் குருதியில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது கலந்திருக்க வண்டி ஓட்டுதல் குற்றமாகும். போதைப்பொருளால் வண்டியை அடக்கி ஓட்டும் ஆற்றல் இழந்தவனையும் அப்பிரிவு விட்டுவைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கே ஆறு திங்கள் வரை சிறையோ, 10,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும்.

இவ்வளவு கடுமை வேண்டுமோ எனின், ஒரு சிறு கணக்கே விடை கூறும். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கின்றது. மயக்கத்தால் அரை நொடி தாமதித்துத் தடையை மிதிப்பவன், அதற்குள் எட்டு மீட்டர் கடந்துவிடுகின்றான். தெருவைக் கடக்கும் சிறுவனுக்கு அந்த எட்டு மீட்டரே உயிர்.

மதுவைத் தொடாதவரும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளுள் சில உறக்கத்தைத் தருவன. மருந்து உண்ணல் பிழையன்று. மருத்துவரைக் கேளாது, உண்டவுடன் ஓட்டத் துணிதலே பிழை. இனி, குடித்தவன் காப்பி பருகினாலும் குளிர்ந்த நீரில் குளித்தாலும் தெளிந்துவிடுவான் என்பது வெறும் மயக்கம். குருதியிலுள்ள மதுவை ஈரல் சிறிது சிறிதாகவே அகற்றும். அதற்குக் காலம் வேண்டும்.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். குடியாமையே தலையாய அறம். அவ்வறத்தில் தவறியவனும் வண்டியைத் தொடாதிருத்தல் வேண்டும். அம்முடிவை அவன் தெளிந்திருக்கும்பொழுதே செய்துகொள்ளல் நன்று; மயங்கியபின் அவனால் அது இயலாது. அந்நிலையில் அவனிடமிருந்து திறவுகோலை வாங்கி வைப்பதே நண்பர் கடமை. அவன் சினப்பானென்று அஞ்சி அதனைக் கொடுப்பது நட்பு ஆகாது.

தெருவில் செல்வோர் ஒருவரையொருவர் அறியார். ஆயினும், ஒவ்வொருவர் உயிரும் மற்றவர் தெளிவினிடத்து அடைக்கலமாய் உள்ளது. அவ்வடைக்கலத்தைக் காப்பதே ஓட்டுவோன் கடன்.