தோலும் முக்காலியும்

காலிலே ஆறாத புண்ணுடையார் அதனை மறைத்தே வைப்பர். வேட்டியும் புடவையும் அதற்கு நல்ல திரை. கணுக்காலுக்குச் சற்று மேலே, இரத்தக் குழாய்களின் வால்வுகள் பழுதுற்று, குருதி மேலேறாது தேங்குவதனால் உண்டாகும் அப்புண் மாதக்கணக்கில் வருத்தும். ஆறினும் மீண்டும் வெடிக்கும்.

இதற்கென 'அப்லிகிராஃப்' என்னும் உயிருள்ள செயற்கைத் தோல் 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அரசாங்க அனுமதி பெற்றது. விருத்தசேதனத்தின்போது நீக்கப்படும் சிசுக்களின் தோலினின்று உயிரணுக்களை எடுத்து, மாட்டின் கொல்லாஜென் என்னும் புரதத்தோடு சேர்த்து, ஈரடுக்காக வளர்க்கின்றனர். அது காலில் நிலைத்து நிற்பதன்று. தான் மறையுமுன் நோயாளியின் சொந்தத் தோலை வளரத் தூண்டுவதே அதன் தொழில்.

கொல்லாஜென் என்றவுடன் சென்னைவாசிகளாகிய நாம் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். அப்புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றதென்பதை 1954, 1955-ஆம் ஆண்டுகளில் உலகிற்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவுமே. 1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரோ, செருப்புக்குரிய தோலோடு அமையாது, புண்ணை மூடும் கொல்லாஜென் படலங்களையும் ஆக்கினர். அவற்றில் உயிரணு இல்லை. ஆயினும் ஏழைக்கு எட்டக்கூடிய மார்க்கம் அத்திசையிலேயே உளது என்பது எம் துணிபு.

ஒன்று கவனிக்கத்தக்கது. அப்லிகிராஃபைச் சோதித்தபோது, அதனைப் பெற்றாருள் நூற்றுக்கு 63 பேருக்கு ஆறு மாதத்தில் புண் ஆறிற்று. அது பெறாது இறுக்கக்கட்டு மட்டும் பெற்றாருள் 49 பேருக்கு. அத்தோல் பெற்றார்க்கும் கட்டு உண்டு. எனவே, பெரும்பங்கு வேலையை எளிய கட்டுத்துணியே செய்கின்றது! (பாதத்திற்கு இரத்தம் செல்லும் தமனி அடைபட்டார்க்கு அக்கட்டு ஆகாது, வைத்தியர் சோதித்த பின்னரே கட்டுதல் வேண்டும்.)

கட்டினும் முந்தியது உட்காருதல். நெடுநேரம் நிற்பது இந்நோயை வளர்க்கும். தியாகராயநகர்த் துணிக்கடைகளில் காலைமுதல் இரவுவரை நின்றே புடவை விரித்துக் காட்டும் பெண்களை யாவரும் கண்டிருப்போம். அன்னார்க்கு ஆசனம் அளிக்கவேண்டுமென 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டந் திருத்திற்று. புண் வந்தபின் தோல் வளர்க்கும் விந்தையைப் போற்றும் நாம், வாராமற் காக்கும் ஒரு முக்காலியைப் பொருட்படுத்துவதில்லை. தீபாவளிக்குச் சேலை வாங்கச் செல்லும் அன்பர், விலைபேசுமுன், விற்பவள் பின்னே ஆசனம் உளதா என நோக்குக. இல்லையெனில் கடைமுதலாளியையே வினவுக.