வந்த இடமா, வரும் ஆண்டா?

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தும் உதவித்தொகை கிட்டாமையால், ஏற்பதா, அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பதா எனத் தமிழ் முதுகலை முடித்த நம் மாணவர் பலர் தயங்குகின்றனர். சிறுபான்மையினர்க்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்ட பின்னர் இத்தயக்கம் மிகுந்திருப்பது இயல்பே.

எனினும், முதற்கண் எண்ணத்தக்கது தொகையன்று. ஆய்வுப்பொருளும் நெறியாளருமே என்பது நம் கருத்து. சீறாப்புராணத்தில் தோய விழைபவர், இடம் கிடைத்தது என்பதற்காகவே வேறு பொருளை ஏற்பின் ஆய்வு சுமையாகிவிடும். அவர் காத்திருத்தல் நன்று. ஆனால் வாளா இருத்தல் ஆகாது; தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டே செல்லும்.

பொருளும் நெறியாளரும் பொருந்தின், இடத்தைக் கைவிடலாகாது. சேர்ந்தபின்னும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் அத்தேர்வை எழுதி, இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற வழியுண்டு.

பெண்மக்களின் நிலை வேறு. திருமணப் பேச்சு எழுந்துவிட்டால், அவர்களுள் பலருக்கு 'அடுத்த ஆண்டு' வாராமலே போகிறது. ஜமாஅத்துப் பெரியோர் முதலாண்டுச் செலவை ஏற்பின், ஒரு மகளின் கல்வி நிலைபெறும்.

முடிவெடுக்குமுன் இஸ்திகாரா தொழுது இறைவனிடம் நலம் வேண்டுவோம். நெறியாளரையும் ஒருமுறை நேரில் கண்டு பேசுவோம். இரண்டும் வேண்டும்.