ஞாயிறு காலை உணவும் தாத்தாவின் மாத்திரையும்

மண்ணூர்பேட்டையின் பல இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு 11 மணிக்கே தொடங்குகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்தவர் உறங்கி எழ வேண்டும். ஆவடியிலிருந்து மகள் குடும்பம் வந்து சேர வேண்டும். கூடி உண்பதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் 8 மணிக்கே இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்காகப் பசியோடு காத்திருக்கும் முதியவருக்கு அந்த 3 மணி நேரம் ஆபத்தானது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம் தோன்றும். உடனே 3 அல்லது 4 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

ஆகவே முந்தைய இரவே ஆயத்தம் செய்யும் உணவை நாங்கள் ஆதரிக்கிறோம். இட்லி மாவு நமக்குப் பழகியதுதான். பிள்ளைகள் கேட்கும் பாம்பே டோஸ்டையும் அவ்வாறே செய்யலாம். 8 ரொட்டித் துண்டுகளை இரு தட்டுகளில் அடுக்கி, 4 முட்டை, 2 குவளை பால், சிறிது ஏலப்பொடி கலந்து ஊற்றி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சமையல் மேடையில் விட்டுவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். சென்னை வெப்பத்தில் பச்சை முட்டைக் கலவையில் சால்மோனெல்லா விரைந்து பெருகும். காலையில் ஓவனில் 180 பாகைச் சூட்டில், நடுப்பகுதி உறையும்வரை, ஏறத்தாழ 40 நிமிடம் வேகட்டும். ஓவன் இல்லையெனில் மூடியிட்ட தோசைக்கல்லே போதும். கலவையில் சர்க்கரை வேண்டாம். பிள்ளைகள் மேலே தூவிக்கொள்ளட்டும்.

சிறிய தட்டை முதலில் வேகவைத்து 8 மணிக்கே தாத்தாவுக்குப் பரிமாறுங்கள். 11 மணிக்கு அவர் ஒரு குவளை மோருடன் எல்லோரோடும் அமரலாம்.