காயில் மேல பழியைப் போடாதீங்க சாமிகளா!

மக்களே, போன வாரம் நம்ம நண்பர் ஒருத்தர் "பழைய கார் வாங்குறவன் முதல்ல அரை டஜன் காயில் வாங்கி டிக்கியில போட்டுக்கணும்"னு எழுதியிருந்தாரு. கீழ நாலஞ்சு பேரு "ஆமாண்ணே, அனுபவம் பேசுது"ன்னு வேற ஒத்து ஊதியிருந்தாங்க. சும்மா படிச்சிட்டுப் போயிருவோம்னுதான் பார்த்தேன். முடியல. இந்தக் காயில் விஷயத்துல நான் சூடுபட்ட பூனை. அதனால கொஞ்சம் நீளமாவே சண்டை போடப் போறேன், பொறுத்துக்கோங்க.

என்கிட்ட இருக்கிறது 77 மாடல் அம்பாசடர், மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். (வின்டேஜ்னு சொல்லாதீங்க. 2021 ஜூலையில மத்திய அரசு போட்ட விதிப்படி 50 வருஷம் தாண்டினாத்தான் அந்தப் பேரு. என் வண்டிக்கு அந்தக் கௌரவம் 2027-லதான்.) ஊரு தென்காசி. சீசன் வந்துட்டா வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டே இருப்பாங்க, வர்றவங்களை எல்லாம் ஏத்திக்கிட்டு மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு சுத்திக்காட்டுறது வண்டியோட பரம்பரைத் தொழில்.

அப்படி ஒரு ஜூன் மாசம், செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போறப்ப பாதி மலையில நின்னுபோச்சு. பானட்டைத் திறந்து, ஆளுக்கொரு பாட்டில் தண்ணியை எஞ்சின் மேல ஊத்தி, அரை மணி நேரம் கழிச்சு சாவியைத் திருகினா ஒரே அடியில ஸ்டார்ட். திரும்பி வந்து ஒர்க்‌ஷாப்ல சொன்னதும், பானட்டைக்கூடத் திறக்காம தீர்ப்பு வந்துட்டு: "அண்ணாச்சி, காயில் போச்சு. சூடானா நிக்கும், ஆறினா ஓடும். மாத்திருவோம்."

மாத்தினோம்.

சூடானா நின்னு, ஆறினா ஓடுறது காயிலுக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. ஏசி பம்ப்லயும் பெட்ரோல் பைப்லயும் பெட்ரோல் கொதிச்சு ஆவியாகி அடைச்சுக்கிட்டாலும் அச்சு அசலா இதேதான் நடக்கும். மலை ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், காத்து குறைவு, பம்ப் எஞ்சினோட ஒட்டிக்கிட்டு இருக்கு, வேற என்ன ஆகும்? நாம என்ன செய்றோம், தண்ணியை எல்லாத்து மேலயும் ஊத்திடுறோம். காயிலும் ஆறுது, பம்பும் ஆறுது, யாரு குத்தவாளின்னு சாட்சியே இல்லாமப் போயிடுது. நின்ன உடனே டிஸ்ட்ரிபூட்டர் நடு ஒயரை உருவி, காஞ்ச துணியில பிடிச்சு, எஞ்சின் இரும்புலேர்ந்து அரை செ.மீ. தள்ளி வச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிருக்கும். நீலமா, தடிமனா, டிக் டிக்குனு பொறி குதிச்சா காயில் நிரபராதி. (பக்கத்துல பெட்ரோல் கசிவு இருந்தா இந்த வேலை வேண்டாம். கையில ஷாக் வாங்கினாலும் என்னைத் திட்டாதீங்க.)

சரி, காயில்னா என்ன? ஒரு இரும்புத் துண்டு, அதைச் சுத்தித் தடிச்ச கம்பியில சில நூறு சுத்து, தலைமுடி கணக்கா மெல்லிசான கம்பியில பல ஆயிரம் சுத்து, உள்ள எண்ணெய். அம்புட்டுதான். கெட்டரிங்னு ஒரு அமெரிக்கர் செஞ்சு 1910 மாடல் காடிலாக்ல போட்ட அதே ஏற்பாடு. அதுல அசையுற பாகம்னு ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா பாயிண்ட் இருக்கே, எஞ்சின் 3000 சுத்துல ஓடும்போது நாலு சிலிண்டர் வண்டியில அது நொடிக்கு நூறு தடவை திறந்து மூடுது. நொடிக்கு நூறு தடவை அடிச்சுக்கிறவனை விட்டுட்டு, தேமேன்னு உக்காந்திருக்கிறவனைத்தான் முதல்ல தூக்கி வீசுறோம். இது என்னங்க நியாயம்?

சீசன் சமயத்துல இது இன்னும் மோசம். சாரல் ராத்திரி பூரா தூவிக்கிட்டே இருக்கும். காலையில டிஸ்ட்ரிபூட்டர் மூடிக்குள்ள ஈரம் வேர்த்துப் போயிருக்கும். பதினஞ்சு இருபதாயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகாம ஈரத்து மேல வழுக்கி எஞ்சினுக்கே இறங்கிடும். மூடியைக் கழட்டிக் காஞ்ச துணியில துடைச்சு, உள்ள கறுப்பா மயிரிழை மாதிரி கோடு விழுந்திருக்கான்னு பார்த்தா வேலை முடிஞ்சுது. ஆனா லாட்ஜ் வாசல்ல நிக்கிற வண்டிக்கும் அதே தீர்ப்புதான், காயில் போச்சு.

என் கதைக்கு வர்றேன். புதுசா மாட்டின காயில்ல வண்டி சும்மா பறந்துச்சு. நானும் அந்த ஒர்க்‌ஷாப்பை ஊரெல்லாம் புகழ்ந்தேன். ரெண்டு மாசத்துல பாயிண்ட் கருகிப் போச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சோம், திரும்பக் கருகுச்சு. காயிலைத் தொட்டா கை பொள்ளுது. ரெண்டாவது காயிலும் போச்சு, மூணாவதும் அதே கடையில அதே மாதிரி வாங்கி மாட்டினோம். அது ஐந்தருவி பார்க்கிங்ல எண்ணெயைக் கக்கிட்டு உயிரை விட்டுச்சு. குளிச்சிட்டு ஈரத் துண்டோட பசங்க நடுங்கிக்கிட்டு நிக்க, பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிடப் போற திட்டம் அத்தோட போச்சு. வீட்டுல அன்னைக்கே சொல்லிட்டாங்க, "இதை எடைக்குப் போட்டுட்டு வேற வேலையைப் பாருங்க". சும்மா சொல்லல, எங்க சித்தப்பா தன்னோட பியட்டை இதே காயில் தொல்லைக்காகத்தான் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டாரு. அந்த ஸ்டியரிங்லதான் நான் வண்டி ஓட்டப் பழகினேன்.

எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு பெரியவர்கிட்ட போனேன். தொழிலை விட்டே வருஷமாச்சு, வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தாரு. மீட்டரை எடுத்துக் காயிலோட ரெண்டு சின்ன முனையிலயும் வச்சாரு. ஒண்ணரை ஓம். "தம்பி, இது ரெசிஸ்டர் வச்சு மாட்டுற காயில்லா? ஒம்ம வண்டியில ரெசிஸ்டரே கிடையாதே. நேரா 12 வோல்ட் குடுத்தா எப்படிவே தாங்கும்?"

கணக்கைப் பாருங்க. என் வண்டிக்கு வேண்டியது சுமார் 3 ஓம் காயில், அதுல ஓடுறது 4 ஆம்பியர். ஒண்ணரை ஓம்ல அது 8 ஆம்பியர். பாயிண்ட் கருகாம என்ன செய்யும்? அந்த மாதிரி காயில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி இறங்கினாலும் நல்ல பொறி வரணும்னு செஞ்சது. ஸ்டார்ட் ஆனதும் ரெசிஸ்டர் வழியா கரண்டைக் குறைச்சுக்கும். அது நல்ல சரக்குதான், மாட்டின இடம் தப்பு.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு விழுந்த அடி. "பார்க்கிங்ல சாவியைப் போட்டு வச்சிருந்தீரா?" ஆமா. ரேடியோ ஒயர் இக்னிஷன்லேர்ந்து எடுத்திருந்தது. குடும்பம் குளிச்சு வர்ற வரைக்கும் சாவியைத் திருகி வச்சுப் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். எஞ்சின் நிக்கும்போது பாயிண்ட் மூடியிருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு. மூடியிருந்தா 12 வோல்ட், 8 ஆம்பியர், கிட்டத்தட்ட 100 வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள. ஒரு மணி நேரம் வேகவச்சிருக்கேன். சரியான காயிலா இருந்தாலும் 48 வாட். ஆக, கொலையில எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கிறேன்.

காயில் போகவே போகாதான்னு கேப்பீங்க. போகும். உள்ள கம்பி அறும், எண்ணெய் ஒழுகும், போலிச் சரக்கு வாங்கினா சீக்கிரமே போகும். நான் சொல்றது, அளக்காம தீர்ப்பு சொல்லாதீங்கன்னுதான். பாயிண்ட் இடைவெளி 15 தவ் இருக்கான்னு பாருங்க. ரொம்பக் கருகுதா, கண்டென்சரைப் பாருங்க. அதுக்கப்புறம் காயில்ல மீட்டரை வைங்க. மெக்கானிக் பசங்களை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்ல. இந்தப் பக்கம் வாடகைக்கு ஓடின அம்பாசடர்ல பாதிக்கு மேல டீசல், அதுல காயிலே கிடையாது. 2000-க்கு அப்புறம் தொழில் கத்துக்கிட்டவங்க பாத்ததெல்லாம் பாயிண்ட் இல்லாத வண்டி. ஈரத் துணியோட நாலு பிள்ளைங்க நிக்கும்போது "சீக்கிரம்ப்பா சீக்கிரம்ப்பா"ன்னு அவசரப்படுத்துறது நாமதானே? பத்து நிமிஷத்துல மாத்த முடியுறது காயில் ஒண்ணுதான், அவன் அதை மாத்துறான்.

"எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா தொல்லையே இல்ல"ன்னு ஒரு குரூப் கிளம்பும், தெரியும். போட்டுக்கோங்க, வேண்டாங்கல. ஆனா காயில் எத்தனை ஓம்னு பார்க்காம அதைப் போட்டா, பாயிண்டுக்குப் பதிலா அந்தப் பெட்டி கருகும். விலை மட்டும் கூட.

டிஸ்கி: பெரியவர் "மொத மொத கழட்டின காயில் எங்க?"ன்னு கேட்டாரு. நல்ல வேளை, டிக்கியில ஸ்டெப்னிக்குக் கீழ கிடந்துச்சு. மீட்டர் 3.1 ஓம் காட்டுச்சு. துடைச்சு மாட்டினாரு. ஏசி பம்புக்கும் பைப்புக்கும் சூடு படாம ஒரு தகடு வச்சுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் புளியரை ஏத்தத்துல எத்தனையோ தடவை ஏறி இறங்கியாச்சு. "போச்சு"ன்னு கழட்டி வீசின அதே காயில்தான் இன்னைக்கும் ஓடுது :-)